சமுத்திரத்துக்குக் கிடைத்த மூன்று நிமிடம்

பட்டையை வெட்டுவதற்கு முன்னால் சமுத்திரம் பஞ்சுப் பேலை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். மேல்துணி எங்கே கிழிந்திருக்கிறதோ அங்கே குனிந்து, மூக்கை வைத்து, ஆழமாக ஓர் இழுப்பு. அப்புறம்தான் அதில் ஒட்டியிருக்கும் ஊர்ச் சீட்டைப் படிப்பார். "பிரேசிலு. வார வழியில நல்லா நனஞ்சிருக்கான்" என்பார். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் சொல்வார். சொல்லிவிட்டு ஒருக்களித்து நின்று, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, நீளக் கத்தரியால் இரும்புப் பட்டையை வெட்டுவார். இருநூறு கிலோப் பஞ்சை நெருக்கிப் பிடித்திருந்த பட்டை விடுபட்டதும் படாரென்று விசிறியடிக்கும். அவருடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. கேட்டால், "அது அமெரிக்காக்காரன் போட்டது" என்று சாவகாசமாகச் சொல்வார். கேட்டவர் மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியாமல் விழிப்பார்.

ஐம்பத்து நாலு வயது. சேத்தூர்க்காரர். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் உள்ள ஒரு நூல் மில்லில் முப்பத்தோரு வருஷமாக மிக்ஸிங் பிரிவில் இருக்கிறார். பெரிய பஞ்சுக் கட்டுக்கு மில்லில் பேல் என்று பெயர். எந்தப் பேலுக்குப் பக்கத்தில் எந்தப் பேல் நிற்க வேண்டும் என்று மாஸ்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதன்படி வரிசையாக நிறுத்திப் பட்டை வெட்டி விடுவது இவர் வேலை. குஜராத்துக்குப் பக்கத்தில் எகிப்து நிற்கும். எகிப்துக்குப் பின்னால் மாலி, அதை ஒட்டி அமெரிக்கா. "வெளிய எல்லாவனும் அடிச்சிக்கிட்டுத் திரியுதானுவ. இங்கன வந்து எப்பிடி அணைஞ்சு கெடக்கானுவ பாத்தீகளா" என்று புது ஆட்களிடம் காட்டுவார்.

இத்தனை நாட்டுப் பஞ்சோடு புழங்கியதில் அவருக்கு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. இதையெல்லாம் யார் ஆரம்பித்து வைத்தது? முதலில் பஞ்சைத் திரித்தவன் யார், அதைக் கப்பலில் ஏற்றச் சொன்ன ராஜா யார், மிஷினைக் கண்டுபிடித்தவன் என்ன நினைத்துக் கண்டுபிடித்தான்? இந்தக் கேள்வியை இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் கேட்டிருக்கிறார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடம் கேட்டிருக்கிறார். அவர் மனைவி நாகஜோதி சொல்வது இது: "ஒரு கிலோ தக்காளி வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனா, தக்காளி எந்த தேசத்துக் காயின்னு கடைக்காரங்கிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டு வாராக. தக்காளிய விட்டுட்டு வாராக."

கைப்பேசியில் வரலாற்று வீடியோக்கள் பார்ப்பார். கட்டைக்குரலில் ஒருவர் பேச, பின்னால் முரசு அதிருமே, அந்த வகை. காலையில் பார்த்ததில் நெப்போலியன் மாவீரன். சாயங்காலம் பார்த்ததில் அதே ஆள் லட்சம் பேரைப் பனியில் சாக விட்ட பாவி. சமுத்திரம் இரண்டையும் நம்புவார், அதுதான் அவருடைய கஷ்டம். "செங்கிஸ்கான எடுத்துக்கோங்க. தவாலுக்கு ஊரூருக்குக் குதிர நிப்பாட்டியிருக்கான். நல்ல காரியந்தான? அதே குதிரையில போயி ஊரக் கொளுத்தவும் செஞ்சிருக்கான். இப்ப இவன எந்த வரிசையில நிப்பாட்ட?" பேலாக இருந்தால் சீட்டைப் பார்த்து நிறுத்திவிடலாம். மற்றவர்களுக்குப் படிக்கப் படிக்கத் தெளிவு வரும் என்பார்கள். இவருக்குக் குழப்பம்தான் கூடிக்கொண்டே போனது. அதிலே அவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அவர் வெட்டி விட்ட பஞ்சு முதலில் போவது பொறுக்கு மேஜைக்கு. பஞ்சோடு பஞ்சாக வரும் முடி, கோழி இறகு, சாக்கு நூல், மிட்டாய்த் தாள் எல்லாவற்றையும் பதினாலு பெண்கள் கையால் பொறுக்கி எடுப்பார்கள். ஒரு கலர் நூல் உள்ளே போய்விட்டால் முடிந்தது, வெள்ளை வேட்டியில் எங்காவது ஒரு சிவப்புக் கோடு விழும். முன்பு இந்த வேலைக்கு இருபத்திரண்டு பேர் இருந்தார்கள், உட்கார ஸ்டூலும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் கேமரா வைத்த மிஷின் ஒன்று வந்தது. குப்பையைக் கண்ணால் பார்த்துக் காற்றால் ஊதித் தள்ளிவிடுமாம். இனி உங்களுக்கு வேலை லேசு என்றார்கள். எட்டுப் பேரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். மீதிப் பேருக்கு ஆளுக்கு இத்தனை கிலோ பார்க்க வேண்டும் என்ற கணக்குக் கூடியது. நின்று பார்த்தால் வேகமாகப் பார்க்கிறார்கள் என்று யாரோ கடிகாரம் வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஒரு திங்கள்கிழமை காலையில் ஸ்டூல்களைக் காணவில்லை.

குருவம்மாள் அந்த மேஜையின் முதல் ஆள். வன்னியம்பட்டியிலிருந்து வருகிறாள். ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கிறது. கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்து முடிச்சு முடிச்சாகக் கிடக்கிறது. அதன்மேல் இறுக்கமாகத் துணி சுற்றிக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்கிறாள். சூப்பர்வைசரிடம் கேட்டாள். மேலே கேள் என்றார். மேலே கேட்டாள். பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் மில்லுக்கு ஐம்பதாவது ஆண்டு விழா வந்தது. அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. இப்படிப் பெரிய ஆண்டு விழா வரும்போது மேடையில் தொழிலாளர் சார்பில் ஒருவர் பேசுவார். பேசி முடிக்கையில் எல்லாருக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று கேட்பார். முதலாளி அங்கேயே மைக்கில் தந்தேன் என்று அறிவிப்பார். அத்தனை பேர் முன்னால் கேட்டதை இல்லை என்று சொல்ல மாட்டார். இருபத்தைந்தாவது வருஷம் ஒருவர் கேட்டுத்தான் கேண்டீன் வந்தது. நாற்பதாவது வருஷம் கேட்டுத்தான் மில் பஸ் வந்தது. அடுத்த மேடை பத்து வருஷம் கழித்துத்தான். இந்தத் தடவை சர்வீஸில் மூத்தவர் என்ற முறையில் பேசப் போகிறவர் சமுத்திரம்.

மத்தியானச் சோற்று வேளையில் பதினாலு பேரும் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். குருவம்மாள்தான் பேசினாள்.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் பெரிசாப் பேச வேண்டாம். பொறுக்குற பொம்பளையாளுக உக்கார ஸ்டூலு வேணும். இந்த ஒத்த வரி. அம்புட்டுத்தான்."

"அதச் சொல்லாமப் பொறவு எதச் சொல்லப் போறேன்? சொல்லிருதேன் தாயி."

"மத்த கதையெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. எகிப்தெல்லாம் வேண்டாம்."

"எடுத்த எடுப்புல ஸ்டூலக் குடுன்னா மரியாத இருக்காதும்மா. ஆதியிலருந்து வந்து, கடைசியில ஸ்டூல்ல முடிச்சம்னா மொதலாளிக்கும் மனசுல நிக்கும்."

வெள்ளத்தாய் என்று ஒருத்தி, இருக்கிறவர்களில் சின்னவள், "ஆதின்னா எது அண்ணாச்சி, தலைவாசல் கேட்டா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சமுத்திரம் சிரிக்கவில்லை. அவருக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது.

ஆதி எது என்று கேட்க அவருக்கு ஓர் ஆள் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தும் ஜெபக்குமார். மில் பஸ் கூட்டம் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொண்டு சமுத்திரம் டவுன் பஸ்ஸில் வருவதற்கு அவர்தான் காரணம். வாத்தியார் ராஜபாளையம் ஸ்டாண்டில் ஏறுவதற்குள் பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு வைத்திருப்பார். விழாவுக்கு முந்தின ஒரு வாரமும் வாத்தியாருக்கு ஜன்னல் காற்று வாங்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

"பருத்தியில மொத நூலு நூத்தது யாரு சார்?"

"சிந்து வெளியில ஒரு வெள்ளிச் சாடியில ஒட்டிக்கிட்டு நூல் கெடச்சிருக்கு அண்ணாச்சி. நாலாயிரம் வருஷத்துக்கு மேல."

"நூத்தவன் பேரு?"

"தெரியாது."

"ராஜா பேராவது?"

"அங்க ராஜா இருந்தாரான்னே உறுதியாச் சொல்ல முடியல. பெரிய அரண்மனை ஒண்ணும் அகப்படல."

சமுத்திரத்துக்கு இது பெரிய இடியாக இருந்தது. ராஜா இல்லாமல் எப்படி வேலை நடந்திருக்கும்? சூப்பர்வைசர் இல்லாமலா? யார் யாரை நிற்கச் சொன்னார்கள், யார் உட்காரச் சொன்னார்கள்?

மறுநாள் அதைவிடப் பெரிய அடி விழுந்தது. இருபது வருஷமாக எகிப்துப் பேல் வந்தால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவர் பழக்கம். பாரோ மன்னர்களைச் சுற்றிப் புதைத்த பஞ்சு என்று மிக்ஸிங்கில் சேர்ந்த அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வாத்தியார், அந்தப் பிணங்களைச் சுற்றியது லினன் என்கிற ஆளிநார்த் துணி, பருத்தியே கிடையாது என்று சொல்லிவிட்டார். அங்கே இந்த நீளப் பஞ்சு வந்து இருநூறு வருஷம்தான் இருக்கும், அப்போது ஆண்ட ஒருவர் குடியானவர்களைக் கட்டாயப்படுத்திப் பயிர் வைக்கச் சொன்னார் என்றார். "அப்ப நா இருவது வருசமா யாரக் கும்புட்டேன்?" என்று சமுத்திரம் கேட்டார். வாத்தியார் பாவம், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் அவரை உண்மையாகவே கலக்கிவிட்டது மூன்றாம் நாள் கேட்டதுதான். அமெரிக்காவில் பஞ்சிலிருந்து கொட்டை எடுக்கிற மிஷின் வந்த கதை. அதற்கு முன்னால் தோட்டத்து அடிமை ஒருவன் நாள் முழுக்க உட்கார்ந்து எடுத்தாலும் அரைக் கிலோ தேறாது. மிஷின் வந்ததும் அதே ஆள் அதைப்போல ஐம்பது மடங்கு எடுத்தான்.

"அப்ப அந்த அடிமை சனங்களுக்கு வேல கொறஞ்சிருக்கும்" என்றார் சமுத்திரம், மனசு லேசாகி.

"அதான் இல்ல அண்ணாச்சி. கொட்ட எடுக்குறது சுளுவாச்சா, இன்னும் நெறையப் பருத்தி போடலாம்னு தோணிருச்சு. பருத்தி பறிக்க இன்னும் ஆள் வேணும். மிஷின் வந்தப்ப ஏழு லட்சம் பேர் அடிமையா இருந்தாங்க. எழுபது வருஷத்துல நாப்பது லட்சம்."

"வேலைய லேசாக்குன மிசினு எப்பிடி சார் அடிமைய ஜாஸ்தியாக்கும்?"

"ஆக்கிருச்சே."

அன்றைக்கு முழுக்க அவருக்குக் கை ஓடவில்லை. மாலிப் பேல் நிற்க வேண்டிய இடத்தில் குஜராத்தை நிறுத்தி மாஸ்டரிடம் பேச்சு வாங்கினார். இரண்டு தடவை பொறுக்கு மேஜைப் பக்கம் போய் நின்று பெண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்தப் பக்கத்தில் கேமரா மிஷின் புஸ் புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்று அவருக்குப் பிடிபடுகிற மாதிரி இருந்தது, பிடிபடவும் இல்லை. கண்டுபிடித்தவனைக் கோபிப்பதா? பயிர் வைக்கச் சொன்னவனையா, வாங்கி உடுத்தியவனையா? அல்லது ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போன, பெயர் தெரியாத அந்த ஆளையா? அவருக்கு மெய்யாகவே வேதனையாக இருந்தது.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மில் முற்றத்தில் பந்தல். முதல் வரிசையில் வெள்ளை உறை போட்டுப் பின்னால் ரிப்பன் கட்டிய நாற்காலிகள். பின்வரிசைகளில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். பொறுக்கு மேஜைப் பெண்கள் பதினாலு பேரும் பட்டுச்சேலையில் ஒரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சோற்று வேளை தவிர, மில் வளாகத்துக்குள் அவர்கள் சேர்ந்தாற்போல உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குருவம்மாள் காலை முன்னால் நீட்டி வைத்திருந்தாள். மேடையில் முதலாளி. அறுபது வயதானாலும் எல்லாருக்கும் அவர் சின்ன முதலாளிதான். மேனேஜர், சமுத்திரத்தின் காதருகில் வந்து, "மூணு நிமிஷம் அண்ணாச்சி. மணி அடிப்பேன்" என்றார்.

சமுத்திரம் மைக்கைத் தட்டிப் பார்த்தார். "நாலாயிரம் வருசத்துக்கு முந்தி" என்று ஆரம்பித்தார். குருவம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சிந்து வெளியில் ஒரு நூலில் தொடங்கினார். அங்கே ராஜா இல்லை என்று சொன்னவர், மேடையில் முதலாளி இருப்பது நினைவுக்கு வந்து, "இருந்திருக்கவும் செய்யலாம்" என்று சேர்த்துக்கொண்டார். எகிப்துக்குப் போனார். "எகிப்துக்காரன் பஞ்சுல சுத்தலை, அது லினன். நா இருவது வருசமாத் தப்பாச் சொல்லியிருக்கேன், எல்லாரும் மன்னிக்கணும்" என்று கைகூப்பினார். பந்தலே சிரித்தது. முதலாளியும் சிரித்து, நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். சமுத்திரத்துக்கு ஊக்கம் வந்துவிட்டது. இங்கிலாந்துக்குப் போய் நீராவி மிஷினை ஓட்டினார். நம் ஊர்க் கரிசலில் விளைந்த பருத்தி வெள்ளைக்காரனுக்கு மூட்டை மூட்டையாகப் போனதைச் சொன்னார். அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவில் இறங்கினார்.

"அங்கன ஒரு மிசினு வந்துச்சு. கொட்ட எடுக்குற மிசினு. வேலைய லேசாக்கத்தான் வந்துச்சு. வந்த பொறவு..."

அங்கே நின்றுவிட்டார். பதினாலு பட்டுச்சேலைகளும் அவர் கண்ணில் பட்டன. அவர் சொல்ல வந்தது அடுத்த வரிதான். மிஷின் வந்த பிறகு என்ன ஆயிற்று, இங்கே என்ன ஆயிற்று, ஸ்டூல் எங்கே போயிற்று. மூன்றும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் அவர் வாயைத் திறந்தபடி நின்றார். யார் செய்தது என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது? யார் செய்தது என்று அவருக்கே இன்னும் தெரியவில்லையே.

"ஸ்டூலு!" என்று குருவம்மாள் பின்னாலிருந்து கத்தினாள். அதே நேரம் மேனேஜர் மணி அடித்தார். அவர் கைதட்ட, முன்வரிசை தட்ட, பந்தல் முழுக்கத் தட்டியது. குருவம்மாளின் குரல் அதில் போயிற்று.

முதலாளி எழுந்து வந்து சமுத்திரத்தைத் தோளோடு அணைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நல்ல மனுஷர்தான். பொன்னாடை போர்த்தினார். மைக்கை வாங்கி, "ஐம்பது வருஷத்துல இப்பிடி ஒரு பேச்சு நம்ம மேடையில கேட்டதில்ல. பேல் வெட்டுற ஒருத்தருக்கு உலகமே தெரிஞ்சிருக்கு. அவர் கேக்காட்டாலும் எனக்குத் தெரியும், அவர் மனசுல என்ன இருக்குன்னு" என்றார். குருவம்மாள் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டாள்.

"இந்த வருஷம் நம்ம மில்லுல ஒரு லைப்ரரி தொடங்குறோம்!"

கைதட்டல் இன்னும் பலமாக விழுந்தது. சமுத்திரம் இல்லை என்று தலையை ஆட்டினார். அடக்கத்தால் ஆட்டுகிறார் என்று நினைத்து முதலாளி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மைக் அடுத்து பாட்டுப் பாடுகிறவர் கைக்குப் போய்விட்டது.

மேடையை விட்டு இறங்கியவர் நேரே அந்த வரிசைக்கு வந்தார். பொன்னாடை ஒரு பக்கம் வழிந்து தரையில் இழுபட்டது. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கேக்கணும்னுதான் தாயி வந்தேன்" என்றார். "அந்த மிசின்ல வந்து மாட்டிக்கிட்டேன். அதத் தாண்ட முடியல."

குருவம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் வற்றிப்போன குரலில் கேட்டாள். "லைப்ரரியிலயாச்சும் உக்கார நாற்காலி இருக்குமா அண்ணாச்சி?"

வெள்ளத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சமுத்திரத்திடம் ஒரு கேள்விக்குத் திருப்பிக் கேட்க இன்னொரு கேள்வி இல்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் பிரியாணி வரிசைக்குப் போனார்கள். முதலாளியை மேனேஜர் சாப்பாட்டு அறைப் பக்கம் அழைத்துக்கொண்டு நடந்தார். பந்தல் காலியானது. சமுத்திரம் பொன்னாடையை உருவி மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டார். முதல் வரிசைக்குப் போனார். வெள்ளை உறையும் ரிப்பனும் போட்ட நாற்காலிகளில் நடுவில் இருந்ததைத் தூக்கிக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு மிக்ஸிங் பக்கம் நடந்தார்.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, எங்க கொண்டு போறீக? அது வாடகை நாற்காலி!" என்றார். முதலாளியும் நின்று பார்த்தார். சமுத்திரம் இருவரையும் கடந்து உள்ளே போனார்.

விடுமுறை நாளானதால் உள்ளே மிஷின்கள் நின்றிருந்தன. பொறுக்கு மேஜையின் தலைமாட்டில், குருவம்மாள் தினமும் நிற்கிற இடத்தில், நாற்காலியை இறக்கிப் போட்டார். ஆடாமல் நிற்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு இரண்டாவது நாற்காலியை எடுக்கப் பந்தலுக்குத் திரும்பி வந்தார்.